நாற்பத்தேழாம் படம்

2024 ஜனவரி 8, திங்கள்

மருந்துக் கடையில் கொடுத்த டைரியில் இன்றுதான் எழுதத் தொடங்குகிறேன். முதல் ஏழு பக்கங்கள் வீணாகிவிட்டன. எழுதச் சொன்னவர் கண் மருத்துவர். கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்திருக்கிறார். அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி. தினமும் காலையில் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கோடுகள் நேராகத் தெரிகின்றனவா, வளைகின்றனவா என்று குறித்துவைக்க வேண்டும். தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

வலது கண்: நேர். இடது கண்: புள்ளிக்குக் கீழே மூன்று கட்டம் உள்வாங்கியிருக்கிறது, பழைய பாய் நடுவில் குழிந்ததுபோல.

முப்பத்தைந்து வருடம் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றுத் துறை ஓவியனாக இருந்தேன். எலும்பையும் நரம்பையும் அளந்து அளந்து வரைந்தவன் கோடு வளைகிறது என்று எழுத நேர்ந்தது விசித்திரம்தான். விசித்திரம் என்பது மிகையாக இருக்கலாம். எழுபது வயதில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வளைகிறது.

மாலையில் கல்லூரியிலிருந்து தொலைபேசி. இப்போதைய துறைத் தலைவர் அம்மையார் பேசினார். பழைய சுவர்ப்படங்களையெல்லாம் கழிக்கப்போகிறார்களாம். பாடம் முழுக்கத் திரையில் வந்துவிட்டது. நான் வரைந்தவை அறுபத்திரண்டு இருக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். நன்றி சொன்னேன்.

போனில் யார் என்று மனைவி ஆவுடை கேட்டாள். யாரோ எண் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

வலது: நேர். இடது: நேற்றுப் போலவே. தேங்காய் மூன்று வாங்கினேன். ஒன்று அழுகல்.

ஜனவரி 11, வியாழன்

மகள் செண்பகா பூனாவிலிருந்து பேசினாள். மாசி உத்திரத்தில் எனக்கு எழுபது முடிகிறது. பிப்ரவரி 26. பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் யோசனை. அவ்வளவு தூரம் இடுப்பு தாங்காது, வீட்டிலேயே முப்பது பேரோடு முடித்துக்கொள்ளலாம் என்று ஆவுடை சொல்லிவிட்டாள். எனக்கும் அதுதான் சம்மதம்.

செண்பகாவுக்கு இன்னொரு ஆசை. நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் பெரிய படம் ஒன்று கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டுமாம். அதற்கு ஒரு போட்டோக்காரரை ஏற்பாடு செய்திருக்கிறாள். ஆவுடை போனை என் கையில் திணித்துவிட்டு, "உங்கப்பாவ மட்டும் எடுக்கச் சொல்லுளா, போதும்" என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குப் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது. பிடிக்காது என்பதை நான் நீண்ட காலமாக ஒரு குணமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன், பாகற்காய் பிடிக்காது என்பதுபோல.

ஜனவரி 13, சனி

கல்லூரிக்குப் போய்வந்தேன். ஆவுடையிடம் வங்கிக்கு என்று சொன்னேன். இரண்டாம் சனிக்கிழமை வங்கி கிடையாது என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

படங்களை மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் அடுக்கியிருந்தார்கள். மேலும் கீழும் மரக்கழி வைத்து, முதுகில் துணி ஒட்டி, சுருட்டிக் கட்டிய படங்கள். கழி நுனியில் என் கையெழுத்தில் எண்கள். அட்டெண்டர் அருளப்பன் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். இதயம், கை எலும்புகள், காதின் உட்பகுதி. வண்ணம் மங்கவில்லை. நன்றாகவே வரைந்திருக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, இது நகலெடுப்பு வேலைதானே என்றும் தோன்றியது.

நான் நாற்பத்தேழை மட்டும் எடுத்துக்கொண்டேன். அருளப்பனுக்கு ஆச்சரியம். "இம்புட்டு அழகான இதயம் கெடக்கு, கைய அப்படியே தொட்டுப் பாக்கலாம் போல வரைஞ்சிருக்கிய. அதெல்லாம் விட்டுட்டு இந்தக் கோண மூஞ்சிய எதுக்கு சார் தூக்கிட்டுப் போறிய?" என்றார். இருமினேன்.

படம் 47. ஏழாவது மண்டை நரம்பு: இடப்பக்க வாதம். 1986. மும்மடங்கு அளவு. பெண், நேர்முகம்.

ஆவுடை கோயிலுக்குப் போயிருந்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் செருகிவைத்தேன். தகுந்த நேரம் பார்த்து எரித்துவிட வேண்டும்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

வலது: நேர். இடது: நான்கு கட்டம்.

சாப்பிடும்போது ஆவுடையின் இடது கண்ணில் நீர் வரும். முந்தானையால் துடைத்துக்கொண்டே சாப்பிடுவாள். புதிதாக வருபவர்கள் ஏதோ மனக்கவலை என்று நினைத்துக்கொள்வார்கள். காரணம் அது இல்லை. செண்பகா பிறந்த மூன்றாம் மாதம், 1984 தொடக்கத்தில், ஒரு காலையில் எழுந்தபோது அவளுடைய முகத்தின் இடப்பக்கம் செயலற்றுப் போயிருந்தது. வாய் கொப்பளித்த தண்ணீர் தானாக வழிந்தது. ஆறு மாதத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதி நின்றுவிட்டது. திரும்ப வளர்ந்த நரம்பில் சில இழைகள் வழி தவறிப்போய், வாயில் உமிழ்நீர் ஊறும்போதெல்லாம் கண்ணீர் சுரப்பிக்கும் கட்டளை கொடுக்கின்றன. அது நான் பலமுறை வரைந்த நரம்பு.

சர்க்கரைப் பொங்கலில் நெய் அதிகம். சொல்லவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

இடது கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசி. இது கெட்டதைத் தடுத்து நிறுத்துமே தவிர, போனதை மீட்டுத் தராது என்றார் மருத்துவர். வெளியே உட்கார்ந்திருந்தபோது ஆவுடை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் பெருங்காய வாசனை.

ஜனவரி 21, ஞாயிறு

காலையில் தாளைப் பார்த்து முடித்த பிறகு, வலது கண்ணை மூடிய கையை எடுக்காமலே திரும்பிவிட்டேன். எதிரே ஆவுடை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். வளைகிற கண்ணில், வளைந்த வாய் நேராகத் தெரிந்தது.

நாற்பது வருடத்துக்கு முன்பு இருந்த முகம். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். யாரோ ஒரு பெண் என் வீட்டில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்வதுபோல இருந்தது. உடனே கையை எடுத்துவிட்டேன்.

"என்ன, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிய?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 24, புதன்

போட்டோக்காரர் வந்தார். பெயர் இசக்கிமுத்து, முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய படங்களைச் சேர்த்து ஒரு ஆல்பம் செய்யச் சொல்லி செண்பகா கேட்டிருக்கிறாள். டிரங்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தன் கேமராவில் படம் பிடித்துக்கொண்டார். வாயாடி. தொழிலுக்கு அது தேவைதான் போலும்.

ஆவுடை காபி கொண்டுவந்தபோது அவர் தலை நிமிராமலே கேட்டார்: "ஏன் சார், கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு இருவது படத்துல ரெண்டு பேரும் சோடியா நிக்கிய. ஒண்ணுலகூட அம்மா உங்களப் பாக்கல. வாசலயே பாக்காவ. எடுக்கும்போதெல்லாம் சண்டையோ?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சோன்னு பாத்திருப்பேன்" என்று ஆவுடை டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் போன பிறகு, அவர் சொன்ன இருபது படத்தையும் நானும் பார்த்தேன். உண்மைதான். வழக்கப்படி ஆவுடை என் இடப்பக்கம் நிற்கிறாள். முகத்தை அவளுடைய இடப்பக்கமாகவே திருப்பியிருக்கிறாள். கேமராவுக்கு வலது கன்னம் மட்டும் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு படத்திலும் என்னைவிட்டு விலகிப் பார்க்கிறாள். மனித உருவத்தைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன் இதை இத்தனை வருடம் பார்க்கவில்லை.

ஜனவரி 27, சனி

பெட்டியின் அடியில் கிடந்த பழையவற்றையும் சேர்த்துப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். பின்பக்கத்தில் நான் எல்லாவற்றுக்கும் தேதி எழுதிவைத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் பயன்படும் என்று நினைத்திருக்கவில்லை. இப்படிப் பயன்படும் என்றும்.

நான் நினைத்திருந்தது, நோய் வந்த நாளிலிருந்து அவள் முகம் திருப்பத் தொடங்கியிருப்பாள் என்று. அப்படியில்லை. 1984 நவம்பர், செண்பகாவின் முதல் பிறந்தநாள்: நேராகப் பார்க்கிறாள், வாய் கோணியிருக்கிறது, சிரிக்கிறாள். 1985 தீபாவளி: நேர். 1986 மே, என் தம்பி கல்யாணம்: நேர், ஏதோ சொல்ல வாயெடுப்பதுபோல. 1987 ஏப்ரல், எங்கள் தெரு மங்கையர்க்கரசி வீட்டு வளைகாப்பு: திரும்பிவிட்டாள். அதன் பிறகு ஒன்றுகூட நேரில்லை.

நோய் வந்த பின்னும் இரண்டரை வருடம் அவள் தன் முகத்தோடு நேராக நின்றிருக்கிறாள். 1986 மே மாதத்துக்கும் 1987 ஏப்ரலுக்கும் இடையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

வலது: நேர். இடது: நான்கு. வாய்க்கு ருசியில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

தெரியவில்லை என்று எழுதியது சரியல்ல.

1986 ஆகஸ்டில் பேராசிரியர் முகவாதத்துக்கு ஒரு படம் கேட்டார். நோயாளிகளை வரையும்போது ஆள் அடையாளம் தெரியாமலிருக்கக் கண்கள்மேல் கறுப்புப் பட்டை போடுவது துறை வழக்கம். முகவாதத்தில் அது முடியாது. மூடாத கண்தான் நோயின் அடையாளம். அதனால் நோயாளிகள் சம்மதிக்கவில்லை. எனக்கு வீட்டிலேயே ஒரு முகம் இருந்தது. அவள் துணி மடிக்கும்போதும் குழந்தைக்குச் சோறூட்டும்போதும் பார்த்துப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு துறையில் போய் வரைந்தேன். அவளிடம் கேட்கவில்லை. மூக்குத்தியை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

முதலில் வரைந்தது உள்ளது உள்ளபடிதான். பேராசிரியர் அதை அறைக் கோடியில் நின்று பார்த்தார். "பின் பெஞ்சுக்கு ஒண்ணுமே தெரியலையே. கூட்டிப் போடும்" என்றார். கூட்டினேன். இன்னும் என்றார். வாய்க்கோடியைத் தாடையை நோக்கி இழுத்தேன். கன்னத்தைத் தொங்கவிட்டேன். கீழிமையைப் பிதுக்கிச் சிவப்படித்தேன். இப்போதுதான் சரி என்றார். பிற கல்லூரிகளுக்கென்று நான்கு நகலும் போடவைத்தார்.

1987 தை மாதம் கல்லூரியில் பொதுமக்களுக்காக மருத்துவக் கண்காட்சி நடந்தது. தெருவே திரண்டு வந்தது. நான் எலும்புக்கூட்டு அறையில் இருந்தேன். யார் யார் எந்த அறைக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவுதான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஒரு வாரமாக அவளுடைய முகத்தை மறுபடி வரைய முயன்றுகொண்டிருக்கிறேன். அளவோடு, உள்ளபடி. அவள் கோயிலுக்கும் கடைக்கும் போகும் நேரங்களில். மாதிரிக்கு வைத்துக்கொள்ள 1986க்குப் பிந்தைய நேர்முகப் படம் ஒன்றும் இல்லை. நினைவிலிருந்து போட்டால், கை தானாகவே அந்த இழுத்த கோட்டைப் போடுகிறது. ஐந்து முறை வரைந்த கோடு. இடக்கன்னத்துக்கு வந்ததும் பென்சில் சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல இறங்கிவிடுகிறது. பதினோரு தாள் ஆயிற்று. பதினொன்றிலும் நாற்பத்தேழாம் படம்தான்.

தாள்களைக் கிழித்துச் சாம்பார்க்காய்த் தோலுக்குள் மறைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

இடது: ஐந்து. வலது: புள்ளிக்கு மேலே ஒரு கட்டம் வளைந்திருக்கிறது.

தாள் சுருங்கியிருக்கலாம் என்று ஈரக்கையால் தடவிப் பார்த்தேன். புதுத் தாள் எடுத்துப் பார்த்தேன். கதவுச் சட்டம், ஜன்னல் கம்பி. எல்லாவற்றிலும் அதே இடத்தில் வளைவு. பிற்பகல் மருத்துவரிடம் போனோம். வலதிலும் தொடங்கிவிட்டது. ஊசி போட்டார். ஓரப் பார்வை போகாது, நடமாடலாம், ஆனால் நேரே உள்ள எழுத்தும் முகமும் மெல்ல மங்கும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். வாரங்களாகவும் இருக்கலாம், வருடங்களாகவும் இருக்கலாம் என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

நாட்கள் கையில் இருக்கும்போதே அவளை ஒரு தடவையாவது சரியாக வரைந்துவிட வேண்டும். நினைவிலிருந்து முடியாது. எதிரில் உட்காரவைத்துத்தான் முடியும். அதற்குக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 10, சனி

கேட்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கேட்டேன். காலைச் சாப்பாடு முடிந்து அவள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் அட்டையும் பென்சிலுமாகப் போய் நின்றேன். அரை மணி நேரம் எனக்கு முன்னால் இருக்க முடியுமா, ஒரு படம் போட வேண்டும் என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு தடவ வரைஞ்சது காணாதாக்கும்?" என்றாள்.

எது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பீரோவுக்குப் பின்னால சொருகி வச்சிருக்கியளே, அது. தூக்கும்போதே தெரியுமே, ரெண்டு பக்கமும் கட்டை. ஒட்டடை அடிக்கும்போது எடுத்து வச்சிட்டு மறுபடி உள்ளயே வச்சேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் குரல் உயரவில்லை. புளி எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கண்காட்சிக்கு மங்கையர்க்கரசி அக்காளோடு போயிருக்கிறாள். இடுப்பில் செண்பகா. அந்த அறையில் ஒரு மாணவன் குச்சியை வைத்துக்கொண்டு, இங்கே பாருங்கள், வாய்க்கோடி எப்படி இறங்கியிருக்கிறது என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தானாம்.

"மூணு வயசு இவளுக்கு. கைய நீட்டி 'அம்மா'ன்னா. அக்கா கேக்காத மாதிரி அந்தப்பக்கம் போயிட்டாவ. நான் இல்லைன்னுதான் நெனச்சேன். மூக்குத்தியக் காணோம்லா. அப்புறம் காதப் பாத்தேன். இவ இழுத்துக் கிழிச்சு, தையல் போட்ட காது. தையல்கூட விடாம எண்ணிப் போட்டிருக்கிய. காது ரொம்ப நல்லா வந்திருந்தது."

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"என்னன்னு கேக்க? கண்ணாடில நான் அப்படி ஒருநாளும் பாத்ததில்ல. கொஞ்சம் கோணல்னு தெரியும், அம்புட்டுதான். ஆனா நீங்க படிச்சவிய. அளந்து வரையிற ஆளு. உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுதுன்னா அதான சரியா இருக்கும், நாமதான் நம்மள நல்லாப் பாத்துக்கிடுதோம்னு நெனச்சேன். அப்புறம் எதுக்குப் போட்டோக்காரன் முன்னால நின்னு எல்லாரையும் சங்கடப்படுத்தணும்?"

அது பின் பெஞ்சுக்காகக் கூட்டி வரைந்தது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. முப்பத்தேழு வருடத்துக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள்.

பிப்ரவரி 12, திங்கள்

வலது: இரண்டு. இடது: எண்ணவில்லை.

பிப்ரவரி 14, புதன்

அழைப்பு சொல்லப் பாளையங்கோட்டையில் ஐந்து வீடு ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் காபி. வழியில் ஆவுடை வழக்கம்போலவே பேசினாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பத்து மணிக்கு நாற்பத்தேழாம் படத்தை நானே எடுத்துக் கூடத்துத் தரையில் விரித்தேன். நான்கு மூலையிலும் பாரத்துக்கு ஒவ்வொரு அரிசி டப்பா. மேசையிலிருந்து கவராயமும் உலோக அளவுகோலும் எடுத்துக்கொண்டேன். ஆவுடையைக் கூப்பிட்டேன். அவள் வந்து படத்தைப் பார்த்தபடி நின்றாள். வயதாகிவிட்டது அந்தப் படத்துக்கும் என்றாள்.

பேராசிரியர் கூட்டிப் போடச் சொன்னதையும், நான் போட்டதையும் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சமாதானத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள் என்று புரிந்தது. வாயால் சொல்வது போதாது, அளந்து பார்த்துவிடுவோம் என்றேன். சரி என்றாள். எதிரில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

என் கண் இப்போது சிறு கோடுகளுக்கு உதவாது. நேரே பார்த்தால் அவள் மூக்கும் வாயும் புகைக்குள் இருக்கின்றன. அதனால் விரலால் தடவித்தான் இடம் கண்டுபிடித்தேன். மூக்கின் ஓரம், வாயின் கோடி. கவராயத்தின் ஒரு முனையை ஒன்றிலும், மறு முனையை மற்றதிலும் மெதுவாக வைத்தேன். குத்தினால் சொல்லு என்றேன். "நாப்பத்தி மூணு வருசத்துல இம்புட்டு நேரம் நீங்க என் மூஞ்சியத் தொட்டதில்ல" என்றாள். பேசினால் அளவு மாறும், பேசாதே என்றேன். வலப்பக்கத்தை அளந்து தாளில் இரண்டு துளை. இடப்பக்கத்தை அளந்து இரண்டு துளை. அளவுகோலை அவளிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். வலம், மூன்று சென்டிமீட்டரும் ஒரு கோடும். இடம், மூன்றும் ஐந்து கோடும். வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர்.

பிறகு தரையில் மண்டியிட்டு, படத்தில் அதே இரண்டு இடங்களையும் அவளே அளந்தாள். வலம் ஒன்பது சென்டிமீட்டர், மூன்று கோடு. இடம் பதினான்கு, ஏழு கோடு. படம் மும்மடங்கு அளவு என்பதால் வித்தியாசத்தை மூன்றால் வகுக்க வேண்டும் என்று நான் சொல்லி, வகுத்தேன். பதினெட்டு.

"நாலப் பதினெட்டாப் போட்டிய" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவள் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "அப்பம் கண்ணாடி சரியாத்தான் காட்டிருக்கு. நாந்தான் அத நம்பல" என்றாள். பிறகு, "நாலுன்னா எம்புட்டு இருக்கும்? கைல காட்டுங்க" என்றாள். என்னால் காட்ட முடியவில்லை. விரல் நுனிகள் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன.

அளவுகோலோடு அடுக்களைக்குள் போனாள். டப்பாக்கள் திறக்கும் சத்தம். கடுகு சின்னதாம், கடலைப்பருப்பு பெரிதாம். கடைசியில் எதையோ கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். தோலோடு ஒரு உளுந்து.

"இதான் சரியா நாலு. ஒரு உளுந்து. இதுக்கா முப்பத்தேழு வருசமா ஒவ்வொரு படத்துலயும் கழுத்தத் திருப்பிக்கிட்டு நின்னேன்? சுளுக்குப் புடிச்சதுதான் மிச்சம்."

சிரிப்பதுபோல இருந்தது. முகம் எனக்குத் தெரியவில்லை. இடது கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு வேளையில்லை.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

படத்தை எரிக்கலாமா என்று பிறகு கேட்டபோது, துணி ஒட்டின தாள் கெட்டியாக இருக்கிறது, கவிழ்த்துப் போட்டு அரிசிப் பானைக்கு அடியில் விரிக்கலாம், ஈரம் ஏறாது என்றாள். விரித்தாயிற்று.

பிப்ரவரி 19, திங்கள்

ஆவுடை இன்று என்னோடு பேசவில்லை. இதுதான் நியாயம். தோசைக்கு ஊறப்போட்டாள்.

பிப்ரவரி 21, புதன்

சாயங்காலம் பேசினாள். பிரிட்ஜில் ஒட்டிய தாள் அழுக்காக இருக்கிறது, மாற்றக் கூடாதா என்று.

பிப்ரவரி 26, திங்கள். மாசி உத்திரம்

விழா முடிந்தது. மிகவும் களைப்பு. கலச நீரை ஊற்றும்போது குளிரில் நடுங்கினேன். செண்பகா துண்டு போர்த்தினாள். மறுபடி தாலி கட்டும்போது முடிச்சுக்கு இடம் தெரியாமல் தடவினேன். ஆவுடையே கழுத்தைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

பிறகு படம். ஆவுடை மாட்டேன் என்று சொல்வாள் என்று செண்பகா பயந்துகொண்டிருந்தாள். அவள் தானாகவே வந்து என் இடப்பக்கம் நின்றாள். இசக்கிமுத்து பழைய படங்களையெல்லாம் பார்த்தவர் அல்லவா, அவளுக்குப் பிடித்தது எது என்று அவருக்குத் தெரியும். கேமராவைக் கண்ணில் வைத்தபடி, "அம்மா, வழக்கம்போல கொஞ்சம் வாசல் பக்கம் திரும்பிக்கிடுதியளா?" என்றார், மிகவும் மரியாதையாக.

"வேண்டாம்ப்பா. உளுந்து அளவுதான். எடு."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எடுத்தார்.

மார்ச் 4, திங்கள்

வலது: நடுவில் நான்கு கட்டம் இல்லை. இடது: புள்ளியே இல்லை.

பெரிய படம் சட்டம் போட்டு வந்தது. ஆணி அடித்தாயிற்று. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், எட்ட நின்று பார்த்தேன், ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வேட்டிக் கரையும் அவள் புடவை நிறமும் தெரிந்தன. முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெளிச்சம். எப்படி வந்திருக்கிறது என்று ஆவுடையிடம் கேட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "நான் நேராத்தான் நிக்கேன். நீங்கதான் கேமராவப் பாக்காம என் பக்கம் கழுத்தத் திருப்பிக்கிட்டு, கோணலா நிக்கிய" என்றாள்.

சரிபார்க்க எனக்கு வழியில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.